அயர்லாந்திலிருந்து ஒரு தாய்மாமன் சீர்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த லாட்ஜில், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் ஆதார் அட்டையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

“அட்ரஸ் திண்டுக்கல்னு போட்டுருக்கு?”

“ஆமாண்ணே, இந்த ஊருதான்.”

“உள்ளூர்ல வீட்ட வச்சுக்கிட்டு எதுக்கு லாட்ஜுல ரூம் போடுறீக?”

அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. வீடு இருக்கிறது, நாங்கள்தான் அதில் இல்லை. அம்மாவும் அப்பாவும் கோவையில் அண்ணனோடு போய் இருந்துகொண்டார்கள். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. காலையில் ஆட்டோவில் அந்தத் தெரு வழியாகத்தான் வந்தேன். எங்கள் மொட்டைமாடிக் கொடியில் யாருடைய பள்ளிக்கூடச் சீருடையோ காய்ந்துகொண்டிருந்தது. நல்ல வெயில். நான் இப்போது வாழும் ஊரில் அப்படி ஒரு வெயில் அடித்தால் தெருவே துணி துவைக்கும்.

“வெளிநாட்டுல இருக்கேன். ஒரு காதுகுத்துக்கு வந்தேன்,” என்றேன்.

காதுகுத்து என்றதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. “அப்படிச் சொல்லுங்க. நீங்க என்ன முறை?”

“தாய்மாமன் பொண்டாட்டி.”

“மாமன் வீடா. அப்ப அலைச்சல்தான்,” என்று சாவியை நீட்டினார்.

அந்த வார்த்தையை இந்த ஊரில் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாடிப்படி ஏறும்போது இன்னொருமுறை எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பாண்டி என் கணவன். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே என்ற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறான். கன்னிவாடியில் ஒரு தோட்டக்கார வீட்டில் இரண்டு பெண்களில் மூத்தவள் என்று ஊர் அவனை எண்ணி வைத்திருந்தது. சிறுவயதிலிருந்தே அவனுக்கு அந்த எண்ணிக்கை ஒத்துவரவில்லை. திருநம்பி என்ற சொல் அவன் கைக்குக் கிடைத்தது வெகுநாள் கழித்துத்தான். பாண்டி என்ற பெயரை அவனே வைத்துக்கொண்டான். பழைய பெயர் ஒன்று உண்டு, அதை இங்கே எழுதப்போவதில்லை. திண்டுக்கல்லில் ஒரே மருத்துவமனையில் அவன் வார்டிலும் நான் லேபிலும் வேலை பார்த்தோம். அவன் முன்னால் போனான், நான் பின்னால் போனேன், அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டோம்.

எங்கள் வீட்டு வாழ்க்கையை விவரித்தால் கேட்பவர்களுக்குக் கொட்டாவிதான் வரும். ஞாயிற்றுக்கிழமை மாவு அரைப்போம். அங்கே வீடுகளில் வெந்நீர்த் தொட்டிக்கென்று ஓர் அலமாரி உண்டு. அதற்குள் துவாலைகளுக்கு நடுவில் மாவுப் பாத்திரத்தை வைத்தால்தான் அந்தக் குளிரில் மாவு புளிக்கும். ஒருமுறை பொங்கி வழிந்து, ஒரு வாரத்துக்கு இட்லி வாடை அடிக்கும் துவாலையில் முகம் துடைத்தோம். நிறுத்தத்தில் இருக்கும் பலகை பஸ் வருகிறது வருகிறது என்று காட்டும், பஸ் வராது. பக்கத்து வீட்டு பிரிஜிட் அம்மாள் நனைந்து நிற்கும் எங்களைப் பார்த்து, “இன்றைக்கு மழை சாதுவான மழைதான்,” என்பார். யார் பாத்திரம் கழுவுவது என்று எங்களுக்குள் சண்டை வரும். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன்.

மழை விட்ட சாயங்காலங்களில் கடலோரம் கைகோத்து நடப்போம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முதல் வருஷம் அது பெரிய விடுதலையாக இருந்தது. போகப் போக அதுவே நெஞ்சை அரிக்க ஆரம்பித்தது. அங்கே நாங்கள் யாருக்கும் அண்ணன் அண்ணி இல்லை, மாமா அத்தை இல்லை. “ஒருத்தராச்சும் நம்மள என்ன முறைன்னு கேக்க மாட்டேங்குறாங்களே ஜெசி,” என்பான் பாண்டி, சமையலறை ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டு.

அந்த ஜன்னலில் நின்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு. வயதுக்கு வந்தபோது வாசலில் பச்சைத் தென்னை ஓலையில் குச்சு கட்டி அவனை உள்ளே உட்கார வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் குச்சு கட்டுவது தாய்மாமன் வேலை. மாமன் மரமேறி ஓலை வெட்டிப் போடுவதை வீட்டுக்குள்ளிருந்து பார்த்தபோது, தான் அந்த மரத்தின் மேல் இருக்க வேண்டியவன் என்று அவனுக்குத் தோன்றியதாம். மறுநாளே குச்சின் ஒரு பக்கத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கிணற்று மோட்டார் அறையில் ஒளிந்துகொண்டான். அம்மா தேடிப்பிடித்து இழுத்துவந்து மறுபடியும் உட்கார வைத்தார். அத்தனை அழுகைக்கும் யாரும் காரணம் கேட்கவில்லை.

அவன் ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அம்மா அவனோடு பேசுவதில்லை. தங்கை வளர்மதி மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் வாட்ஸப்பில் பேசுவாள். அவளை நெய்க்காரப்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். “அண்ணே, பாப்பாவுக்கு மொட்டையெடுத்துக் காது குத்துறோம். தாய்மாமன் சீரு நீதான் அனுப்பணும்.” பாண்டி இரண்டு கையிலும் மாவோடு நின்றிருந்தான். பேசி முடித்து வெகுநேரம் கையைக் கழுவாமலே நின்றான்.

அவனால் வர முடியாது. பெயரும் படமும் மாற்றுவதற்காகப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருக்கிறான், இன்னும் திரும்பி வரவில்லை. “நீ போயிட்டு வா ஜெசி. அம்மா ஒரே ஒரு தடவ எங்கிட்டப் பேசிட்டாப் போதும்,” என்றான். நான் அதை வாங்கி வரத்தான் வந்தேன். மற்ற சாமான்களெல்லாம் பேகம்பூரிலேயே கிடைக்கும்.

பேகம்பூர்த் துணிக்கடை பாய் பட்டுப் பாவாடைகளை விரித்துக்கொண்டே போனார். நான் இளம்பச்சையில் ஒன்றைத் தொட்டதும் தடுத்தார். “மாமன் சீர்னா அரக்குல எடுங்கம்மா. கூட்டத்துல பாப்பா எங்க நின்னாலும் மாமன் எடுத்த பாவாடைதான் முதல்ல தெரியணும்.” கால்வேயில் அப்போதுதான் விடிந்திருக்கும். பாண்டியை வீடியோவில் எழுப்பினேன். பாய் என் கையிலிருந்து ஃபோனை வாங்கிப் பாவாடையின் கரையைக் காட்டினார். “மாப்ள, பாத்துக்கங்க. பிடிச்சிருந்தாச் சொல்லுங்க, இல்லைன்னா வேற காட்டுறேன்.” பாண்டிக்கு எல்லாமே பிடித்திருந்தது. ஃபோனை வைத்த பிறகு ஒரு செய்தி வந்தது. பாவாடையைப் பற்றி ஒன்றுமில்லை. ‘பாய் என்னை மாப்ளன்னாரு’ என்று மட்டும் இருந்தது.

மத்தியானம் அதே தெருவில் பிரியாணி. சீரகச் சம்பாவை மென்றபோது கால்வேயில் நாங்கள் செய்யும் பிரியாணியை நினைத்து வெட்கமாக இருந்தது. அரிசி கடல் தாண்டி வருகிறது, ஆட்டுக்கறி அங்கே அருமையாகவே கிடைக்கிறது. இரண்டும் சேரும்போதுதான் ஒன்றையொன்று தெரியாதவர்கள் போல உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்து மேசையில் ஒருவர் கைபேசியில் அதட்டிக்கொண்டிருந்தார், “நீ வாரியா, நான் வரவா, அதச் சொல்லு மொதல்ல.” அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்து இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கன்னிவாடி. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாண்டியின் அம்மாவை நான் நேரில் பார்த்ததில்லை. தோட்டத்து ஓட்டு வீட்டின் முன்னால் சாக்கு விரித்து, சந்தைக்குப் போகிற அவரைக்காயில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார். அத்தை என்று கூப்பிடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

“வளரு சொன்னா. ஒக்காரு,” என்றார். நானும் உட்கார்ந்து சொத்தை பொறுக்கினேன். கூடை பாதி நிறைந்ததும் எழுந்தார். உள்ளே போய்க் காபி கொண்டுவந்து வைத்தார்.

“அது எப்படி இருக்கு?”

அது என்றது பாண்டியை. நன்றாக இருக்கிறான் என்றேன்.

“இந்தா பாரு. நெய்க்காரப்பட்டிச் சம்பந்தி வீட்டுல எனக்கு ஒரு மகன் வெளிநாட்டுல இருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். வளரு கல்யாணம் பேசையில மூத்தது என்னன்னு கேட்டாக. நான் என்னத்தச் சொல்ல? மகன்னு சொல்லிட்டேன். இம்புட்டு வருசமா அப்படியே சொல்லிக்கிட்டுக் கெடக்கேன். நீ அங்க வந்து வாயக் கீய தொறந்தின்னா எம் மக வாழ்க்கை போச்சு.”

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாண்டி எந்த ஒரு வார்த்தையை அம்மா வாயால் கேட்க ஏங்கினானோ, அதை இந்த அம்மா மூன்று பஸ் மாறிப் போகிற ஊரில் போய் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், பொய் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு.

“அவன் மகன்தானே,” என்றேன்.

“அது ஒனக்கு.” அவரைக்காய்க் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “சீர்த் தட்ட நீ தூக்கிட்டு வா, வேணாங்கல. பிள்ளைய மடியில வைக்கக் குமாரு இருக்கான். எங் கொழுந்தன் மகன். மாமன் வராத எடத்துல பங்காளி ஒக்காருறது வழக்கந்தான்.”

சீர்ச் சாமான்களைப் பார்க்கவேண்டும் என்றார். பையைத் திறந்து காட்டினேன். பாவாடை, கம்மல், வளையல், சாக்லேட், இனி வாங்கவேண்டிய பழமும் தேங்காயும். பைக்கு அடியில் பிரிஜிட் அம்மாள் பாப்பாவுக்கென்று பின்னிக் கொடுத்த சிவப்புக் கம்பளிக் குல்லாய் கிடந்தது. திண்டுக்கல் வெயிலைப் பற்றி எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. பாண்டியின் அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். “குல்லாயச் சீர்ல வைப்பாகளா?” என்றவர் தட்டுகளை மனசுக்குள் எண்ணினார். குல்லாய் இல்லாவிட்டால் தட்டு இரட்டைப்படையில் வந்தது. சீர்த் தட்டு ஒற்றைப்படையில்தான் போகவேண்டும். “சரி, கெடக்கட்டும்,” என்று குல்லாய்க்கும் ஒரு தட்டு ஒதுக்கினார்.

சாயங்காலம் லாட்ஜ் மாடியில் நின்று பாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மலைக்கோட்டைப் பாறை கண்ணுக்கு நேரே கறுத்துக்கொண்டிருந்தது. அவன் முதலில் சிரித்தான். பிறகு, “எப்ப இருந்தாம்?” என்றான்.

“வளரு கல்யாணத்துல இருந்து.”

“பொய்யாத்தானே சொல்லுது?”

“பொய்யாத்தான்.”

“பரவாயில்ல ஜெசி. பொய்யாவாச்சும் சொல்லட்டும்.” பின்னால் அங்கே எங்கள் சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது. அதைச் சரிசெய்யச் சொல்லி எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சத்தத்துக்காகவே உடனே கிளம்பிவிடலாம் போல இருந்தது. எந்த ஊரில் இருந்தாலும் இன்னோர் ஊருக்கு ஏங்குவது என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

காதுகுத்து அன்று காலை குமார் ஏற்பாடு செய்த வேனில் கிளம்பினோம். பாண்டியின் அம்மா, குமார், அவன் மனைவி, சீர்த் தட்டுத் தூக்க நாலைந்து பெண்கள். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் டயர் வெடித்தது. மாற்று டயரை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. பட்டுப்புடவை கட்டிய பெண்கள் வாழைப்பழத் தட்டும் தேங்காய்த் தட்டுமாகப் புறவழிச் சாலையில் வரிசையாக நின்றோம். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

சந்தையில் தக்காளி இறக்கிவிட்டு காலிக் கூடைகளோடு வந்த மினி லாரி ஒன்று தானாகவே நின்றது. “ஏனுங்க, சீருங்களா? எங்க போகோணும்?” என்றார் ஓட்டுநர். நெய்க்காரப்பட்டி என்றதும், “நம்ம வழிதானுங்க, ஏறுங்க. குழந்தை காத்திருக்குமில்லைங்க,” என்றார். கூடைகளை ஒரு பக்கம் தள்ளித் தட்டுகளை ஏற்றினோம். எனக்கும் பாண்டியின் அம்மாவுக்கும் முன்னால் இடம் கொடுத்தார். கால்வேயிலும் மழையில் நடந்துபோனால் காரை நிறுத்தி ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் இறங்கும் வரைக்கும் வானிலை பற்றித்தான் பேசுவார்கள். இவர் கியர் மாற்றுவதற்குள் கேட்டுவிட்டார்.

“இவங்க உங்க மருமகளுங்களா அம்மா?”

பாண்டியின் அம்மா கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார். ஒரு பாலம் தாண்டிய பிறகு, “ஆமா,” என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி என்று சொன்னால் தக்காளி லாரியில் யார் நம்பமாட்டார்கள்.

நெய்க்காரப்பட்டியில் கோயில் பந்தலுக்கு முன்னால் லாரி நின்றபோது, மேளக்காரர்கள் எங்களைத் தக்காளி வியாபாரிகள் என்று நினைத்துப் பேசாமல் இருந்தார்கள். சீர்த் தட்டு இறங்கியதும்தான் அடிக்க ஆரம்பித்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். பந்தல் வாசலை அடைத்து ஒரு ஃப்ளெக்ஸ். நடுவில் பாப்பா தன்ஷிகா, சுற்றிலும் சொந்தக்காரர்கள். வலது பக்கம் முழுக்கப் பாண்டி. ‘தாய்மாமன் திரு. பாண்டி, அயர்லாந்து’ என்று கொட்டை எழுத்து. கழுத்துக்குக் கீழே அவன் பிறவியில் போட்டிராத கோட்டும் டையும். தோளுக்குப் பின்னால் ஈஃபில் கோபுரம்.

“வெளிநாடுன்னா கடைக்காரரு அதத்தான் போடுவாராம் அண்ணி,” என்று வளர்மதி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் குரலை மட்டுமே கேட்டிருக்கிறேன். அண்ணனைப் போலவே முன்பல் ஒன்று லேசாக ஏறியிருந்தது.

பாண்டியின் அம்மா ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்றவர் நகரவே இல்லை. பெற்ற பிள்ளையின் முகத்தை இத்தனை வருஷம் கழித்து, வீட்டுக் கதவளவு பெரிதாகப் பார்க்கிறார்.

“தாடி நெசந்தானா? அதுவும் கடைக்காரன் ஒட்டுனதா?”

“நெசந்தான் அத்தை,” என்றேன். அத்தை என்ற வார்த்தை தானாக வந்துவிட்டது.

“அவுக அப்பாவுக்கும் இப்படித்தான், தாடையில மட்டும் கட்டியா மொளைக்கும்,” என்றார். அந்த அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது.

தன்ஷிகாவுக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தது. அரக்குப் பாவாடை கட்டி அழைத்து வந்தார்கள். ஆசாரி வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து வைத்தார். குமார் வேட்டியை மடக்கிக்கொண்டு மணையில் உட்காரப் போனபோது வளர்மதியின் மாமியார், கட்டுமஸ்தான அம்மாள், கேட்டார், “ஏனுங்க சம்பந்தி, படத்துல ஒரு மாமன், மடியில ஒரு மாமனுங்களா?”

பாண்டியின் அம்மா அவசரமாக ஆரம்பித்தார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை, அங்கே பனி கொட்டுகிறது. நான் வாயைத் திறக்கவில்லை. கால்வேயில் வெறும் மழைதான் பெய்கிறது. மாமியார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எங்கள் இருவரையும் சமையல் பந்தலுக்குப் பின்னால் அழைத்துப் போனார். அண்டாவில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“சம்பந்தி, நான் ஒண்ணு சொல்றனுங்க, தப்பா நெனைக்காதீங்க. எங்களுக்கு அப்பவே தெரியுமுங்க. விசாரிக்காம யாராச்சும் பொண்ணு எடுப்பாங்களா? எங்க வீட்டுக்காரரு உங்க ஊரு டீக்கடையில அரை நாள் உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் வந்தாரு.”

பாண்டியின் அம்மா பக்கத்தில் இருந்த அரிசி மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்தார். “தெரிஞ்சுமா கட்டுனீக? ஏன் இம்புட்டு வருசமா ஒரு வார்த்த கேக்கல?”

“நீங்க மகன்னு சொன்னீங்க. நாங்களும் மகன்னு வச்சுக்கிட்டோமுங்க. பெத்தவங்க சொல்றதுக்கு மேல எங்களுக்கென்ன தெரியும்?” என்று மாமியார் குழம்பை எட்டிப் பார்த்து, உப்புப் போட்டாயிற்றா என்று சமையல்காரரிடம் கேட்டார்.

எத்தனை கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் அந்த அம்மா பயந்து பயந்து போய்வந்திருப்பார். எத்தனை டிக்கெட், எத்தனை லீவு சொல்லியிருப்பார். அத்தனையையும் ஊரே தலையாட்டிக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. அவர் மூட்டையில் உட்கார்ந்து அழுதார். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. நான் பக்கத்தில் நின்றேன். தோளைத் தொடலாமா என்று யோசிப்பதற்குள் அவரே என் கையைப் பிடித்து எழுந்துகொண்டார்.

பந்தலுக்குத் திரும்பியபோது, பெண் எடுத்த வீட்டார் மாமனுக்குச் செய்யும் மரியாதையாக வேட்டியும் துண்டும் தட்டில் வந்தன. குமார் கையை நீட்டினான். பாண்டியின் அம்மா நடுவில் புகுந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

“ஏலே குமாரு, எந்திரி. மாமன் பொண்டாட்டி இருக்கையில நீ எதுக்கு?”

குமார் நல்லவன். முதுகு வலிக்கிறது என்று முந்திக்கொண்டு சொல்லி எழுந்தான். நான் மணையில் உட்கார்ந்தேன். பாண்டியின் அம்மா அந்தத் துண்டை உதறி என் மடியில் விரித்து, அதன் மேல் தன்ஷிகாவைத் தூக்கி வைத்தார். கோடித் துண்டின் கஞ்சி வாடையும் குழந்தையின் தலைச் சந்தன வாடையும் ஒன்றாக வந்தன. வளர்மதி ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் பாண்டி, நைட் டூட்டி உடுப்பில், முதியோர் இல்லத்தின் நீண்ட நடைவழியில் நின்றுகொண்டு.

தன்ஷிகா திரையைப் பார்த்தாள், திரும்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். “மாமா, ஒங்க கோட்டு எங்க?”

“துவைக்கப் போட்டுருக்கேன் பாப்பா,” என்றான் பாண்டி. அவள் அடுத்த கேள்வியை யோசிப்பதற்குள் ஆசாரி முதல் காதைக் குத்திவிட்டார். கூப்பாடு மேளச் சத்தத்தையும் மிஞ்சியது. இரண்டாவது காதுக்கு அவளைப் பிடிக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். கடைசியில் அழுகையை அடக்கியது பிரிஜிட் அம்மாளின் சிவப்புக் குல்லாய்தான். மொட்டைத் தலையில் அதைக் கவிழ்த்துக்கொண்டு, அந்த வெயிலில், கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். பாவாடையைவிட அதுதான் கூட்டத்தில் தனியாகத் தெரிந்தது. பாயிடம் இதைச் சொல்லக்கூடாது.

பந்தியில் கிடாக்கறிக் குழம்பு. அயர்லாந்து ஆட்டைப் பற்றி நான் மேலே சொன்ன நல்ல வார்த்தைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சாப்பிட்டுக் கை கழுவியபோது பாண்டியின் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“அந்த ஃபோனப் போடு.”

போட்டேன். அவர் அதைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பாண்டி, “அம்மா,” என்றான்.

“டூட்டி முடிஞ்சுச்சா?”

“இப்பத்தாம்மா முடிஞ்சுச்சு.”

“குமாரு மடியில வைக்கல. ஒம் பொண்டாட்டி மடியிலதான் வச்சோம்.”

“பாத்தேம்மா.”

“வேட்டி துண்டு அவ பையில இருக்கு. வந்ததும் கட்டிப் பாரு.”

கொஞ்ச தூரத்தில் தன்ஷிகா குல்லாயோடு ஓடிக்கொண்டிருந்தாள். பாண்டியின் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ கண்ண மூடித் தொறக்கங்குள்ள வளந்து நிப்பா. அன்னிக்கும் மாமன்னு படத்தக் கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு இருக்க முடியாது. இவளுக்குக் குச்சு கட்ட ஓலை நீதான் வெட்டணும்.” ஃபோனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். “அன்னிக்கு நீ பிச்சுப் போட்டுட்டு ஓடுனியே, அதுக்கும் சேத்து வெட்டு.”

திரையில் பாண்டியின் முகம் போய், அந்த நடையின் கூரை விளக்கு மட்டும் தெரிந்தது. ஃபோனைத் தாழ்த்திவிட்டான் என்று எனக்குத் தெரியும். அங்கே யாரோ ஒரு முதியவர் நர்ஸைக் கூப்பிடும் சத்தம் தூரத்தில் கேட்டது. அத்தை அந்தக் கூரை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவன் குரல் வந்தது.

“அரிவா எங்கம்மா இருக்கு?”

“கூரை எரவாணத்துலதான். சொருகுன எடத்துலயே இருக்கு,” என்றார் அத்தை. “ஆனா துருவேறிப் போச்சு. அதுக்கு முந்தியே ஒருக்கா வந்து சாணை புடிச்சு வச்சுட்டுப் போ.”